தோள் வலிக்குமா?

2021 ஜூன் கடைசி வாரம். காசிமேட்டில் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தன. நான் அப்போது மாநகராட்சியின் காய்ச்சல் கணக்கெடுப்பில் தன்னார்வலன். தெருத் தெருவாகப் போய் யார் வீட்டில் காய்ச்சல், யார் கொரோனா ஊசி போட்டாச்சு, யார் இன்னும் போடவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு வாசலில் மீன் விற்கும் அம்மா ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டீங்களாம்மா என்றேன்.

"போட்டா தோளு வலிக்குமா தம்பி? ரெண்டு நாளு கையத் தூக்க முடியலன்னு எதிர்வூட்டுப் பொண்ணு சொல்லுது. நான் விடியக்காலம் ரெண்டு மணிக்கு ஏலத்துக்குப் போவணும். கூடைய நீ வந்து தலையில ஏத்துவியா? தடைக்காலத்துல சும்மாதான் குந்திக்கினு இருந்தேன், அப்பப் போய்க் கேட்டா ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டாங்கோ."

நான் தலையாட்டிவிட்டு, காரணம் எழுதும் இடத்தில் "பயம்" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று இரவு நோட்டைப் புரட்டும்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் முழுக்க "பயம்", "பயம்", "வதந்தி", "பயம்" என்றே எழுதியிருக்கிறேன், ஆனால் அந்த அம்மா பயப்படவே இல்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தப்பும் இல்லை. புதிய தடுப்பூசி ஒன்று வரும்போது மக்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள், அப்புறம் அதே மக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று நான் படிக்க ஆரம்பித்தது அந்த நோட்டால்தான்.

முதலில் தோள் வலி. அது ஏன் வருகிறது? நம் ஊரில் அதிகம் பேர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்சிக்குச் சளிக்காய்ச்சல் கொடுக்கும் ஒரு வைரஸ், பெருக முடியாதபடி முடக்கப்பட்டது. கொரோனா வைரஸின் மேல் இருக்கும் முள் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு மட்டும் அதற்குள் வைக்கப்பட்டிருக்கும். ஊசி தோள் தசையில் இறங்கியதும் அங்குள்ள செல்கள் அந்தப் புரதத்தைச் செய்கின்றன. காவலுக்கு நிற்கும் வெள்ளையணுக்களுக்கு அது அந்நியம், உடனே வேதிச் சமிக்ஞைகளைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிந்து தசை வீங்குகிறது, வலிக்கிறது. அந்தச் சமிக்ஞைகள் மூளைக்குப் போய்ச் சேர்ந்தால், உடம்பு தன் வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்கிறது, அதுதான் காய்ச்சல். சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். காவல் செல்கள் அந்நியப் புரதத்தின் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேரும் இடம் அந்த நெறிதான். அங்கேதான் எந்த வெள்ளையணு இந்தப் புரதத்துக்குப் பொருந்துகிறது என்று தேடிப்பிடித்து அதைப் பெருக்குகிற வேலை நடக்கிறது, அதற்கு இரண்டு வாரம் ஆகும். காய்ச்சல் வராதவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எனக்கு ஒண்ணுமே பண்ணல, தண்ணிதான் ஏத்திட்டாங்க போல" என்று சொன்னவர்களும் அந்த நோட்டில் உண்டு.

ஆக, "வலிக்குமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஆமாம், பலருக்கு வலிக்கும், ஒரு நாள் இரண்டு நாளில் போய்விடும், கனம் தூக்காத கையில் போட்டுக்கலாம், பாராசிட்டமால் போதும். ஆனால் நாங்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்? "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க." எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் ஒன்றும் ஆகாது என்றால், நாம் சொல்லும் மற்றதையும் அவர் எப்படி நம்புவார்? மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் காய்ச்சல் என்பது ஒரு லீவு. அன்றாடம் ஏலம் எடுத்து விற்பவருக்கு அது ஒரு நாள் சோறு. ஊசி இலவசம்தான், ஆனால் அவருக்கு அது இலவசமாகக் கிடைக்கவில்லை.

சரி, அடுத்த வகை தயக்கம் இன்னும் கடினமானது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமரா முன்னால் பேசினார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் இறந்துபோனார். நாடே பார்த்தது. இதய ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது, அது ஒரே நாளில் வருவதில்லை, பல வருடமாகக் கொழுப்பு படிந்து வருவது என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வு செய்த மத்தியக் குழு அக்டோபரில் அறிவித்தது. ஆனால் எங்கள் தெருவில் ஏப்ரல் 17 வந்து சேர்ந்துவிட்டது, அக்டோபர் வந்து சேரவே இல்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஏறத்தாழ 6 பேர் இறக்கிறார்கள், எல்லா வயதும் எல்லாக் காரணமும் சேர்த்து. அப்படியென்றால் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 6,000 பேர், நாளைக்குப் பதினாறு பேர். இப்போது அந்த 10 லட்சம் பேருக்கும் வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் நூறு பேரைத் தாண்டும். உப்புத் தண்ணீர் யாரையும் கொல்லவில்லை, அவர்கள் எப்படியும் இறந்திருப்பார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் போட்டால் இந்த எண் இன்னும் கூடும், ஏப்ரலில் அவர்களுக்குத்தான் போட்டார்கள். இந்த நூறு பேருடைய குடும்பமும் உறவும் தெருவும் "ஊசி போட்ட அதே வாரத்தில்" என்றுதான் சொல்லும். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதே வாரம்தான். ஊசி "போட்டதால்" என்பது மட்டும் அதில் இல்லை, அதை நம் மூளை தானாகச் சேர்த்துக்கொள்கிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் நடந்ததற்குக் காரணமாகப் பார்க்கும் பழக்கம்தான் விஷக்காயைத் தின்னாமல் நம்மைக் காப்பாற்றியது, அதை மடமை என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் உண்மையிலேயே ஒரு ஊசி கெடுதல் செய்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதே கணக்கை வைத்துத்தான். வழக்கமாக இத்தனை பேருக்கு இந்த நோய் வரும் என்ற எண்ணையும், ஊசிக்குப் பின் எத்தனை பேருக்கு வந்தது என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து ஒன்று, சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் பாதிப்பை உண்டாக்குகிறது என்று தெரிந்ததும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2021-இல் ஆஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு, பிளேட்லெட் குறைந்தும் ரத்தம் உறைகிற விசித்திரமான பாதிப்பு மிக அரிதாக வருவதை ஐரோப்பாவில் கண்டுபிடித்ததும் இப்படித்தான், அதன் பிறகு பல நாடுகள் இளைஞர்களுக்கு வேறு ஊசிக்கு மாறின. கோவிஷீல்டும் அதே மருந்துதான். இதைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், இப்படி ஆபத்தைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள், ஊசியை நிறுத்தியும் இருக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் சிலர் உட்கார்ந்து பேசவே சம்மதித்தார்கள்.

இன்னொன்று. குழந்தைக்குப் போடும்போது தாய்மார்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும். "போட்டு ஏதாச்சும் ஆயிட்டா நான்தானே கூட்டினு போனேன்னு ஆவும்." போடாமல் விட்டு நோய் வந்தால் அது நோய் செய்தது, இல்லை ஆத்தா செய்தது. போட்டு ஏதாவது ஆனால் அது தன் கை செய்தது. இரண்டு ஆபத்தும் ஒரே எடை என்றாலும், செய்ததால் வரும் துன்பம் செய்யாமல் விட்டதால் வரும் துன்பத்தைவிடக் கனமாகத் தெரிவது மனித இயல்பு என்று மனவியலில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. புதிய ஊசி என்றால் இது இன்னும் கூடும், ஏனென்றால் பழைய ஊசியை எல்லோரும் போடுகிறார்கள், அதைப் போடாமல் விடுவதுதான் அங்கே "செய்கிற" காரியம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு வீட்டுக்கு வருவதற்குள் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி போட்டுவிடுகிறார்கள், யாரும் அதை ஒரு முடிவாகக்கூட நினைப்பதில்லை.

அந்த பி.சி.ஜி.யே ஒரு காலத்தில் புதிய ஊசியாக இருந்தது. கிண்டியில் 1948-இல் அதற்கான ஆய்வுக்கூடம் வந்து, நாடு முழுக்கப் போட ஆரம்பித்தபோது எதிர்த்து எழுதியவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய அடுத்த ஆண்டு, 1955-இல், பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். படிக்காதவர்கள்தான் ஊசியை மறுப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்று போதும். அதைவிட முக்கியமானது பின்னால் நடந்தது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், நமக்குப் பக்கத்திலேயே, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து பி.சி.ஜி. சோதனை ஒன்று தொடங்கியது. உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று அது. பல ஆண்டு காத்திருந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு ஏன் இன்னும் போடுகிறோம்? பச்சைக் குழந்தைகளுக்கு மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் அது நன்றாகத் தடுக்கிறது, அவை கொல்லும் நோய்கள். ஒரு ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது கேள்வி கேட்டதால்தான். ஓட்டேரியில் காசநோய்க்கென்றே ஒரு அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே வரிசையில் நிற்கும் பலருடைய கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அவர்களிடம் ஊசி எல்லாவற்றையும் தடுக்கும் என்று ஒருவர் சொன்னால் கேட்பார்களா?

இதெல்லாம் அறிவு சம்பந்தப்பட்டது. நம்பிக்கை வேறு விஷயம், வடசென்னையில் அதைத் தவிர்த்துப் பேச முடியாது.

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்ற தொனியில்தான் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாளில் எர்ணாவூர் கரையில் மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தார் மாதிரிக் கெட்டியான எண்ணெயை வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம், பிப்ரவரி 6, தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், ஒன்றே முக்கால் கோடி பேருக்கு, பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது, பெற்றோர்கள் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள், முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. எண்ணெய்க்கும் ஊசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கரையில் கறுப்பாகக் கிடந்ததைக் கையால் அள்ளிய ஒரு தகப்பன், அதற்குப் பத்து நாள் கழித்து "இது முற்றிலும் பாதுகாப்பானது" என்று பள்ளியிலிருந்து வந்த துண்டுச்சீட்டைப் படித்தால் அவர் மனதில் என்ன ஓடும்? ஊசியைச் செய்த விஞ்ஞானிகளை அவருக்குத் தெரியாது. சொல்கிற ஆளை மட்டும்தான் எடை போட முடியும். நாம் எல்லோருமே அப்படித்தான், நானும் எந்தத் தடுப்பூசியின் சோதனை முடிவையும் முழுதாகப் படித்துவிட்டுப் போட்டுக்கொண்டவன் இல்லை.

நம்பிக்கை போனால் ஒரே ஊசியோடு நிற்காது என்பதற்கு பிலிப்பைன்ஸ் உதாரணம். அங்கே டெங்குவுக்கான புதிய தடுப்பூசியை 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்குப் போட்டால், பிறகு டெங்கு வரும்போது அது தீவிரமாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. தடுப்பூசிகள் முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம், 2018-இல் 32 சதவீதம். 2019-இல் அங்கே தட்டம்மை பெரிதாகப் பரவியது. டெங்கு ஊசியில் போன நம்பிக்கை, பிள்ளைகள் தட்டம்மையில் சாகவும் ஒரு காரணமானது.

மறுபடி 2021-க்கு வருகிறேன். அந்த வருடம் மனம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஏப்ரல் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் சுமார் 12 சதவீதம் மருந்து வீணாகியிருந்தது, நாட்டிலேயே அதிகம். காரணம் எளிது. ஒரு குப்பியில் பத்து பேருக்கு மருந்து, திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நாலு பேர் வந்தால் திறப்பதா, பத்து பேர் சேரும்வரை வந்தவர்களை உட்கார வைப்பதா? உட்கார வைத்தால் அந்த நாலு பேரும் எழுந்து போய்விடுவார்கள். மே மாதம் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது, ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று, ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. ஜூன் தொடக்கத்தில் அதே ஊசிக்கு அடிதடி, ஸ்டாக் இல்லை. ஊசி அப்படியேதான் இருந்தது, அதைப் பற்றிப் புதிதாக ஒரு வரிகூட மக்கள் படிக்கவில்லை. தராசின் மறு தட்டில் நோய் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். கோவளத்தில் ஊசி போட்டவர்களுக்கு பிரியாணியும் குலுக்கல் பரிசும் கொடுத்து ஆள் சேர்த்ததும் அந்த ஜூனில்தான். சிலர் அதைக் கேவலமாகப் பேசினார்கள். ஒரு நாள் வருமானம் போகிறது என்பதற்குப் பதில் சொன்ன முயற்சியாக அதை நான் பார்க்கிறேன்.

காசிமேட்டு அம்மா கடைசியில் போட்டுக்கொண்டார். எப்படி என்று கேட்டபோது அவர் சொன்னதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. செப்டம்பர் 12, மாநிலம் முழுக்க முதல் மெகா முகாம், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெரிய வியாபாரம், மதியத்துக்குள் கூடை காலி, மூணு மணிக்குத் தெருமுனைப் பள்ளியில் ஊசி. திங்கட்கிழமை வியாபாரம் எப்படியும் மந்தம், அன்றைக்குப் படுத்துவிட்டார். எதிர்வீட்டுப் பெண்ணும் கூடவே போனாள். தோள் வலித்தது. "நீ வலிக்காதுன்னு சொல்லலியே, அத்தால ஒண்ணும் தெரியல" என்றார். நான் வலிக்காது என்றும் சொல்லவில்லை, வலிக்கும் என்றும் சொல்லவில்லை, தலையாட்டிவிட்டுத்தான் போனேன், ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டாம் தவணைக்கு டிசம்பர் 5 வரை பொறுக்க வேண்டும், 84 நாள். அதற்குள், அசைவம் சாப்பிடுபவர்களும் மது அருந்துபவர்களும் ஞாயிறன்று ஊசி போடத் தயங்குகிறார்கள் என்று அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஊசி போட்டால் கறி தின்னக்கூடாது என்று யாரும் விதி வைக்கவில்லை, ஆனாலும் மக்கள் அப்படி நினைத்தார்கள், அதற்கு ஏற்ப மாற்றியது புத்திசாலித்தனம். ஆனால் அது அவருக்கு உதவவில்லை, சனிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிறு விடியலில் ஏலத்துக்கு எப்படிப் போவார்? கடைசியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஞாயிறுக்கு அடுத்த நாள் போட்டுவிட்டார்கள், நர்ஸம்மா போன் பண்ணிக் கூப்பிட்டார்களாம்.

இப்போது அடுத்த புதிய ஊசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கு எதிரானது. 2025-26 மாநில பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. வைரஸ் உள்ளே வந்து புற்றாக மாறப் பத்து இருபது வருடம் ஆகலாம், அதனால்தான் வைரஸைச் சந்திப்பதற்கு வெகு முன்பே, சிறுமியாக இருக்கும்போதே போட வேண்டியிருக்கிறது. ஊசியில் இருப்பது வைரஸின் வெளிக்கூடு மட்டும். ஈஸ்ட்டில் அந்தப் புரதத்தை வளர்க்கிறார்கள், அது தானாகவே பந்து போலச் சேர்ந்துகொள்கிறது, உள்ளே மரபுப்பொருள் எதுவும் இல்லை, அதனால் தொற்றவோ பெருகவோ வழியே இல்லை.

இந்த ஊசிக்கும் நம் நாட்டில் ஒரு கசப்பான முன்கதை உண்டு. 2009-10-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் சோதனைத் திட்டமாகப் போட்டபோது ஏழு சிறுமிகள் இறந்தார்கள். நீரில் மூழ்கி, பாம்பு கடித்து, பூச்சிமருந்து குடித்து, மலேரியாவால் என்று, பெரும்பாலும் ஊசியோடு தொடர்பில்லாத காரணங்களே விசாரணையில் தெரிந்தன, நான் மேலே போட்ட அதே கணக்குதான். ஆனால் பல சிறுமிகளுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போடவே இல்லை, விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். திட்டம் நின்றது. ஊசிமீது தவறில்லை, கேட்காமல் போட்டதுதான் தவறு, அதற்காக நாம் பத்து வருடத்துக்கு மேல் இழந்தோம். 2018-இல் சிக்கிமில் ஆசிரியர்களையும் பெற்றோரையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசிவிட்டுப் பள்ளிகளில் போட்டார்கள், பெரும்பாலான சிறுமிகள் போட்டுக்கொண்டார்கள்.

காசிமேட்டு அம்மாவின் பேத்திக்கு இப்போது பதினாலு. போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது அவராகவே ஆரம்பித்தார், இந்த ஊசி போட்டால் பின்னால் பிள்ளை பிறக்காதாமே, யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள் என்று. போலியோ சொட்டு மருந்துக்கும் இதையேதான் சொன்னார்கள், அம்மைக்கும் சொன்னார்கள் என்றேன். சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள்தானே இப்போது தெரு முழுக்க அம்மா, அப்பா ஆகியிருக்கிறார்கள் என்றதும் கொஞ்ச நேரம் வஞ்சிரத்துக்கு மேல் ஐஸைத் தள்ளிக்கொண்டே யோசித்தார். கர்ப்பப்பை வாயில் புற்று வந்தால்தான் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

"இதுக்கும் தோளு வலிக்குமா?"

வலிக்கும்மா, ஒரு நாள் ரெண்டு நாள் வலிக்கும், சில பிள்ளைங்களுக்கு மயக்கம் மாதிரி வரும், அதனால உட்கார வச்சுப் போட்டு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்லுவாங்க என்றேன்.

"வலிச்சா வலிக்கட்டும். அவ இன்னா கூடையா தூக்கப் போறா, படிக்கத்தானே போறா. சனிக்கெயம மட்டும் வேணாம்னு சொல்லு, நான் கூடப் போவணும்."